தோட்டத்தை அடகு வைக்காமலே இந்தப் படிப்பு உண்டு

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ். கிளை கழிக்கச் சில்வர் ஓக்கில் ஏறிய சித்தப்பா விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தண்டுவடக் காயத்துக்கு ஏஐ மூலம் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறாள் மகள். மாமாவோ கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டெக் ஏஐ சீட் பேசிவிட்டார். பணத்துக்குத் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்கலாமாம்.

கவலை புரிகிறதம்மா. ஆனால் அடகு வேண்டாம். பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் ஆடும்; வங்கித் தவணை ஆடாது. படிப்பின் பெயரில் ஏஐ இருக்கிறது என்பதற்காக எந்த ஆஸ்பத்திரியும் நோயாளியின் பக்கத்தில் உட்கார விடாது.

மூளையிலும் தண்டுவடத்திலும் கருவி பொருத்தி, கால் அசைக்கும் எண்ணத்தைக் கணினி படித்து ஒருவரை நடக்க வைத்த சுவிட்சர்லாந்து ஆய்வு 2023இல் வந்தது, எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது 2015இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் செய்தது. பல வருடம் கிடப்பில் கிடந்த, தண்டுவடக் காயம் பற்றிய எலிச் சோதனைப் பதிவுகளைக் கணினியில் போட்டு அலசினார்கள். அறுவை சிகிச்சை நேரத்தில் ரத்த அழுத்தம் கூடியிருந்த எலிகள் மோசமாகவே தேறின என்று தெரிந்தது. அன்று யாரோ அழுத்தத்தை ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான் இது சாத்தியம்.

மனிதர்களிடம் காயத்தின் அளவை அப்படி ஒழுங்காகக் குறிக்கத் தெரிந்தவர்களில் முக்கியமானவர் பிசியோதெரபிஸ்ட். அதனால் மகளுக்கு நான் சொல்வது பி.பி.டி., அதாவது பிசியோதெரபிப் பட்டப்படிப்பு. தண்டுவடக் காயத்துக்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல்தான்: உடம்பின் ஒவ்வொரு பக்கமும் 28 இடங்களில் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டு 0, 1, 2 என்று மதிப்பெண், பக்கத்துக்குப் 10 தசைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. இரண்டு பக்கமும் சேர்த்துத் தசை மதிப்பெண் 100. தப்பு நடப்பதும் இங்கேதான். மாவுக்கட்டு போட்ட காலைச் சோதிக்க முடியாது; 'சோதிக்கவில்லை' என்று எழுதாமல் 0 போட்டால், அந்தக் கால் செயலிழந்தது என்றே கணினி கற்றுக்கொள்ளும். ஆசனவாய்ச் சோதனையைக் கூச்சத்தில் விட்டுவிட்டால் காயம் முழுமையானதா இல்லையா என்றே சொல்ல முடியாது. பெண் நோயாளிக்கு உங்கள் மகள் மாதிரி ஒருத்தி தேவைப்படுவது அந்த இடத்தில்.

கை கால் பிடித்துவிடும் வேலை என்பாராம் மாமா. 1954 விபத்தில் தண்டுவடம் பாதித்து, சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ்தான் வேலூர் சிஎம்சியில் மறுவாழ்வுப் பிரிவை வளர்த்தவர். அந்த மாதிரி இடத்தில் பயிற்சிக்கு முயலட்டும். தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. அதனால்தான் கடன் கூடாது என்கிறேன். அரசுக் கவுன்சிலிங் இடத்துக்கே முதலில் விண்ணப்பியுங்கள், இந்த வருட விதிகளைப் படித்துவிட்டு.

கணினிப் பக்கத்துக்கு ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டம் இருக்கிறது. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம்; தகுதித் தேர்வு உண்டு; வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. அடிப்படை நிலையின் 8 பாடங்களில் கணிதம், புள்ளியியல், பைத்தான் நிரல்மொழி வந்துவிடும். முதல் வருடமே இரண்டையும் தலையில் ஏற்ற வேண்டாம். உடற்கூறியல் தாண்டட்டும்.

விண்ணப்பத்துக்கு முன் ஊட்டி அரசு ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, நாலு நாள் பிசியோதெரபிப் பிரிவில் நிற்கச் சொல்லுங்கள். படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அவளால் நிற்க முடியவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். அப்போது பி.எஸ்சி. புள்ளியியலைப் பற்றிப் பேசலாம்.