காசு மெஷினில் கள்ளக்காசு: கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் தண்ணீர் மெஷின், எடை மெஷின், நாப்கின் மெஷின் நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கீழே வரும் மி.மீ., கிராம் அளவுகளை ஒரு சீட்டில் எழுதி மெஷின் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

கும்பகோணம்: சார், 5 ரூபாய்க்கு ஒரு குடம் தண்ணி குடுக்குற மெஷின் வச்சிருக்கேன். பெட்டியைக் கொட்டிப் பாத்தா அஞ்சு ரூபாய் நாலு தினுசா இருக்கு. சிலது காந்தத்துல ஒட்டுது. இதுல எது கள்ளக்காசு?

நாலும் நல்ல காசாகவே இருக்கலாம். கள்ளக்காசு என்று ஒதுக்கப்படுவதில் பழைய வரிசைக் காசும் உண்டு. அதனால் முதலில் தினுசு தினுசாகப் பிரியுங்கள்.

கனமான பழைய வெள்ளை அஞ்சு ரூபாய் 9 கிராம், 23 மி.மீ., செம்பு நிக்கல் கலவை. 2007 வாக்கில் வந்த ஸ்டீல் அஞ்சு ரூபாய் கிட்டத்தட்ட 6 கிராம், அதே 23 மி.மீ.; காந்தத்தில் ஒட்டும். 2011 வரிசை மஞ்சள் காசு 6 கிராம், 23 மி.மீ.; ஒட்டாது. 2019 வரிசை மஞ்சள் காசு 6.74 கிராம், 25 மி.மீ.; இதுவும் ஒட்டாது. பெரிய கோயில் ஆயிரமாண்டுக்கும் அண்ணா நூற்றாண்டுக்கும் வந்த 5 ரூபாய் நினைவு நாணயங்களும் செல்லும். படம் வேறாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள்.

பிரித்த பிறகு 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். தேய்ந்த காசு கொஞ்சம்தான் குறையும். 0.2 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தனியே வையுங்கள். மஞ்சளாக இருந்தும் காந்தத்தில் கவ்வினால் அது முலாம் பூசிய இரும்பு. விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த போலியில் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் ஒரு சன்னமான கோடாகத் தட்டும். சிங்க முகமும் மழுங்கலாக இருக்கும்.

மன்னார்குடி: அண்ணே, என்னோடது ஒரு ரூபாய் எடை மெஷின். உள்ள மாதிரிக் காசு ஒண்ணு மாட்டியிருக்கும். அம்பது பைசாவா போட்டுத் தள்ளுறாங்க, மெஷினும் வாங்கிக்குது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை தம்பி. பழைய ஸ்டீல் 50 பைசாவும் 2011 வரிசை ஒரு ரூபாயும் ஒரே அளவு: 22 மி.மீ., 3.79 கிராம், ஒரே ரக உலோகம். மெஷினுக்குள் காசைச் சோதிக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு எழுத்து தெரியாது. உலோகமும் பருமனும்தான் தெரியும். எவ்வளவு இறுக்கினாலும் இந்த இரண்டையும் அது பிரிக்காது. 1990களின் 25 மி.மீ. ஒரு ரூபாயும் 2011 வரிசை 2 ரூபாயும் இதே கதைதான், இரண்டும் 4.85 கிராம். இரண்டு ரூபாய் மெஷினுக்கு ஒரு ரூபாய் போட்டு ஏமாற்றுவது இப்படித்தான்.

இதற்கு வழி, மெஷினை 5 ரூபாய்க்கு மாற்றுவது. ஒரு ரூபாய்தான் வேண்டுமென்றால் 2019 வரிசைக் காசை (20 மி.மீ., 3.09 கிராம்) மாதிரியாக மாட்டி, "சின்ன ஒரு ரூபாய் மட்டும்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு காசையும் ஒட்டி வையுங்கள். அப்போதும் 10 மி.மீ. போல்ட்டின் தட்டை வாஷர் உண்டு, அதுவும் 20 மி.மீ. நடுவில் ஓட்டை இருப்பதால் நல்ல அக்செப்டர் (காசைச் சோதித்து வாங்கும் பாகம்) அதைத் துப்பிவிடும். விட்டம் மட்டும் பார்க்கிற மலிவு ரகம் விழுங்கிவிடும்.

அதிராம்பட்டினம்: வெளிநாட்டுக் காசு நிறைய வருது சார். இங்க வீட்டுக்கு ஒரு ஆள் வெளியில இருக்காங்க.

அமீரக ஒரு திர்ஹம் 24 மி.மீ. நம் 23க்கும் 25க்கும் நடுவில் உட்காருகிறது. உணர்திறனைத் தளர்த்தி வைத்த மெஷின் அதை அஞ்சு ரூபாயாக எடுத்துக்கொள்ளும். அடுத்த பதிலில் உள்ளபடி எஃப் எண்ணைக் குறையுங்கள்.

திருவாரூர்: ஆறு வகை காசு படிக்கிற அக்செப்டர் வாங்கிட்டேன். எப்படிப் பழக்கறது? கடைக்காரர் ஒரே காசை இருபது தடவை போடச் சொன்னார்.

ஒரே காசைப் போட்டால் அந்த ஒரு காசை மட்டுமே அது நம்பும். புதுசு, தேய்ந்தது, அழுக்கு எல்லாம் கலந்து இருபது வேறு வேறு காசு எடுங்கள். அவை நல்ல காசுதானா என்று முன்பே எடை போட்டுப் பாருங்கள்; ஒரு போலி கலந்தாலும் மெஷின் அதையும் சேர்த்துப் படித்துவிடும்.

இந்த ரகத்தில் நான்கு எண் கேட்கும். இ என்பது எத்தனை வகை. ஹெச் என்பது எத்தனை மாதிரி, 20 வையுங்கள். பி என்பது ஒரு காசுக்கு எத்தனை பல்ஸ், அதாவது அக்செப்டர் போர்டுக்கு அனுப்பும் மின்துடிப்பு. எஃப் என்பது துல்லியம். எண் குறையக் குறைய இறுக்கம் கூடும். எஃப் 8இல் தொடங்குங்கள். போலி நுழைந்தால் 6, நல்ல காசு திரும்பி வந்தால் 10. எல்லா வகைக்கும் ஒரே எஃப் வைக்காதீர்கள், எந்த வகையில் போலி வருகிறதோ அதை மட்டும் இறுக்குங்கள்.

ஆறு இடங்களில் நாலை நாலு தினுசு 5 ரூபாய்க்கும், ஒன்றை பழைய 10க்கும், ஒன்றை 2019 வரிசை 10க்கும் கொடுங்கள். பல்ஸை ரூபாய்க்கு ஒன்றாக வைக்காமல் 5க்கு 1, 10க்கு 2 என்று வைப்பதே நல்லது. பத்து பல்ஸ் போய் முடிவதற்குள் அடுத்த காசு விழுந்தால் கணக்கு தப்பும். அந்தப் பழியும் கள்ளக்காசு மேல்தான் விழும்.

கடைசியில் 2019 வரிசை 2 ரூபாயைப் போட்டுச் சோதியுங்கள். அது 23 மி.மீ. ஸ்டீல், 4.07 கிராம். ஸ்டீல் அஞ்சு ரூபாய் என்று மெஷின் ஏமாந்தால் அந்த ஒரு வகையையே எடுத்துவிடுங்கள்.

நாகப்பட்டினம்: நல்ல காசையே துப்புது. ஐப்பசி, கார்த்திகையில ரொம்ப மோசம்.

உப்புக்காற்றும் ஈரமும்தான் காரணம். காசு உருளும் பாதையில் விபூதி, குங்குமம், எண்ணெய் சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். காசு மெதுவாக உருண்டால் காயில் தப்பாகப் படிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து வாரம் ஒருமுறை துடையுங்கள். எண்ணெய் ஸ்பிரே கூடவே கூடாது. சாயங்காலம் மட்டும் துப்பினால் மீட்டர் வைத்து அக்செப்டருக்கு வரும் வோல்ட்டைப் பாருங்கள். 12 இருக்க வேண்டியது 11க்குக் கீழே போனால் அக்செப்டருக்குள் கதவை இழுக்கும் சோலனாய்டு (மின்காந்தம்) தாமதிக்கும்.

மயிலாடுதுறை: பெட்டியில காசு குறைவா இருக்கு, மீட்டர்ல தண்ணி கூட போயிருக்கு. காசே போடாம எப்படி எடுக்குறாங்க?

காசில் நூல் கட்டி இழுப்பது ஒரு வழி. காசு கதவைத் தாண்டி கடைசி சென்சாரைக் கடந்த பிறகே பல்ஸ் தருகிற அக்செப்டர் வாங்குங்கள். வெளிவாயில் திரும்பி வர விடாத நாக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு வழி, அடுப்பு லைட்டரின் பொறி. அதை பல்ஸ் என்று போர்டு எண்ணிவிடும். சிக்னல் வயரை ஷீல்டு வயராக (மேலே உலோக வலை சுற்றியது) மாற்றி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேருங்கள். போர்டு பக்கம் 4.7 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள். அக்செப்டர் 50 மில்லிசெகண்ட் பல்ஸ் தருகிறது என்றால், 30க்குக் குறைந்ததையும் 80க்கு மேற்பட்டதையும் எண்ணாதபடி புரோகிராமில் எழுதச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்: பத்து ரூபாய் காசு செல்லாதுன்னு கடையில வாங்க மாட்டேங்குறாங்க. மெஷின்ல இருந்து எடுத்துடவா அக்கா?

எடுக்க வேண்டாம். ரூபாய் குறியீடு இருப்பது, இல்லாதது எல்லாம் செல்லும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பதினான்கு வடிவங்களும் செல்லும் என்றே அறிவித்தது. எல்லாமே 27 மி.மீ.; எடை 7.7 கிராம் சுற்றி வரும். நடு வில்லை ஆடினாலோ, வளையக் கோடு வெறும் கீறலாக இருந்தாலோ மட்டும் சந்தேகப்படுங்கள்.

திருத்துறைப்பூண்டி: சேந்த கள்ளக்காசை என்ன செய்றது? சில்லறையோட சில்லறையா தள்ளிவிட்டா?

தள்ளவே தள்ளாதீர்கள். உங்களிடம் அது வந்து சேர்ந்தது குற்றமில்லை. கள்ளக்காசு என்று தெரிந்தே இன்னொருவரிடம் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179ஆம் பிரிவு, கொடுக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால் 180. நீங்கள் தள்ளினால் அந்த நஷ்டம் பூ விற்கிற அம்மாவின் தலையில்தான் விழும். தேதி, மெஷின் இருக்கும் இடம், எண்ணிக்கை எழுதிய கவரில் போட்டு வையுங்கள். ஒரே மாதிரி போலி திரும்பத் திரும்ப வந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

வேதாரண்யம்: நல்ல காசை பேங்க்ல எப்படிக் கட்டுறது?

வகை பிரித்து, நூறு நூறாக பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள். 2011 வரிசை அஞ்சு ரூபாய் நூறு 600 கிராம், 2019 வரிசை 674 கிராம். பையை வெறுமனே தராசில் வைத்தாலே எண்ணிக்கை சரிதானா என்று தெரிந்துவிடும்.