பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் இணைத்துவிடலாமா?

கேள்வி: உதவித்தொகை பெற்ற மாணவிகள் பிறகு கல்லூரியில் சேர்ந்தார்களா என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. உதவித்தொகைப் பட்டியல் ஒரு துறையில், கல்லூரிச் சேர்க்கைப் பதிவு இன்னொரு துறையில். பொதுவான அடையாள எண் கிடையாது. பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து இணைத்துத் தருவதாக ஒரு தனியார் நிறுவனம் சொல்கிறது, 99 சதவீதம் பொருந்துமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தரவைப் பார்க்க அனுமதி பெற்றவர் நீங்கள்தான், அந்த நிறுவனம் இல்லை. 'பெயரை நீக்கிவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம்' என்பார்கள். அது போதாது. அமெரிக்காவில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தாலே 87 சதவீத மக்களைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி கணக்கிட்டார். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவரின் மருத்துவப் பதிவையே பெயர் நீக்கிய கோப்பிலிருந்து அவர் கண்டெடுத்தார்.

அப்புறம் அந்த 99. எதில் 99 என்று கேளுங்கள், பதில் வராது. எவ்வளவு ஒத்திருந்தால் இருவரும் ஒருவரே என்று கொள்வது என்ற விதியைத் தளர்த்தினால் எல்லாமே எதனுடனாவது பொருந்திவிடும். யாரோ இரண்டு பேரை ஒருவராக்கியிருப்பார்கள். விதியை இறுக்கினால் எழுத்துப்பிழை உள்ள பெயரும், திருமணத்துக்குப் பின் மாறிய பெயரும் விடுபடும். உங்கள் ஆய்வில் விடுபட்ட பெண் 'கல்லூரியில் சேராதவர்' ஆகிவிடுவார். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடும் வழக்கம் பல பதிவேடுகளில் உண்டு. பலருக்கும் ஒரே தேதி இருந்தால் யார் யாரென்று பிரிப்பது கடினம். ஆக, தவறு அதிகம் விழுவது ஏழைக் குடும்பங்கள் மீதுதான். நீங்கள் யாருக்காக ஆய்வு செய்கிறீர்களோ அவர்களே கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள்.

இரட்டையரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரே தேதி, ஒரே முகவரி, ஒரே தந்தை பெயர். முதல் பெயரிலும் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம் இருக்கும். மென்பொருள் இந்த வித்தியாசத்தை எழுத்துப்பிழை என்று எளிதில் நினைத்துவிடும். ஒருத்தி கல்லூரிக்குப் போயிருப்பாள், மற்றவள் வேலைக்குப் போயிருப்பாள்; கோப்பில் ஒருத்திதான் மிஞ்சுவாள். ஒரே தேதி, ஒரே முகவரியில் இரண்டு பதிவுகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். நூறு இருந்தாலும் பாருங்கள்.

சரி, வழி என்ன? பெயரும் பிறந்த தேதியும் மட்டும் ஓர் இணைப்புப் பிரிவுக்கு, அதாவது பதிவுகளைப் பொருத்தும் வேலையை மட்டும் செய்யும் தனிப் பிரிவுக்குப் போகட்டும். அவர்கள் ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணோடு, பெயர் இல்லாத உதவித்தொகை விவரமும் சேர்க்கை விவரமும் உங்களிடம் வரட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1995 முதல் இணைப்புக்கென்றே ஓர் அமைப்பு இயங்குகிறது. டென்மார்க் 1968-லேயே எல்லோருக்கும் ஒரே எண் கொடுத்துவிட்டதால் அங்கே இந்தத் தலைவலியே குறைவு.

மற்ற இடங்களில் இந்தத் துறை அந்தத் துறையைக் கேள் என்னும், அது சட்டப் பிரிவைக் கேள் என்னும். ஒரு கையெழுத்துக்கு நான் பதினான்கு மாதம் காத்திருந்திருக்கிறேன். மக்கள் வரிசையில் நின்று நிரப்பிக் கொடுத்த படிவங்கள் அவர்களுக்கே பயன்படாமல் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இடைத்தரகர்கள் பிழைப்பதும் இந்தத் தாமதத்தால்தான்.

இணைத்த கோப்பு வந்ததும், இணைந்தவர்களையும் இணையாதவர்களையும் வயது, வருமானம், ஊர் வாரியாக ஒப்பிடும் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் முடிவு எழுத உட்காராதீர்கள்.

அந்த நிறுவனத்துக்கு மாதிரிக் கோப்பு ஏதும் ஏற்கெனவே அனுப்பியிருந்தால், உங்கள் வழிகாட்டியிடமும் தரவு கொடுத்த துறையிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.