கினிபிக் வந்த பிறகு மகளுக்குத் தும்மலும் இழுப்பும்: கொடுத்துவிடத்தான் வேண்டுமா?

ஹோலுக்குள் கூடு வைத்து கினிபிக் வளர்க்கிறீர்கள், மகளுக்கு ஓயாத தும்மல், சில இரவுகளில் மூச்சு இழுப்பும் வருகிறது. அதைக் கொடுத்துவிட வேண்டுமா, பதிலுக்கு லவ் பேர்ட்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தும்மல் மட்டும் என்றால் ஆறுதலாக யோசிக்கலாம். இழுப்பு என்றால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள், கினிபிக்கின் விஷயம் அதற்குப் பிறகு. பாமசியில் பிரிட்டோன் என்ற அலர்ஜிக் குளிசை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை தூங்கிப்போகும், மூக்கு ஒழுகலும் குறையும். ஆனால் அது இழுப்புக்கு மருந்தில்லை.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். மகனுக்கு முயல் என்றால் உயிர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முயல்கூடு பின்வளவில் மாமர நிழலில் நிற்கும், ஒரு பிரச்சினையும் இல்லை. மாரி தொடங்கினால் கூட்டை உள்ளே எடுப்போம், சாரலுக்கு ஜன்னலையும் பூட்டிவிடுவோம். அப்போதுதான் தும்மல் தொடங்கும். வீட்டில் எல்லோரும் மழைச்சளி என்று ஆவி பிடிக்க வைத்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது அவனுடைய கையைப் பார்த்துத்தான். முயலைத் தூக்கும்போது நகம் கீறிய இடமெல்லாம் நுளம்பு கடித்தது போலத் தடித்துச் சிவந்து, கொஞ்ச நேரத்தில் வற்றிவிடும். வேலியில் முள் கீறினால் அப்படி வருவதில்லை.

பலரும் குறை சொல்வது முடியை. முடி வெறும் வாகனம்தான். ஒவ்வாமையைத் தருவது அந்தப் பிராணியின் எச்சிலிலும் சிறுநீரிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். கினிபிக், எலி, ஹாம்ஸ்டர் வகைகளில் சிறுநீரும் பெரிய வில்லன். கூட்டுக்குள் போட்ட மரத்தூளில் சிறுநீர் ஊறிக் காய்ந்த பிறகு அதைக் கிளறினால் கண்ணுக்குத் தெரியாத தூசாகி நெடுநேரம் காற்றில் நிற்கும். மடியில் வைத்துக் கொஞ்சும்போது சும்மா இருக்கும் பிள்ளை கூடு துப்புரவாக்கும்போது அடுக்கடுக்காகத் தும்முவது இதனால்தான். மரக்காலையில் அள்ளி வரும் மாப்போன்ற தூளும், ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் தங்கள் பங்குக்கு மூச்சைக் கெடுக்கும். முதலில் அவற்றை மாற்றிப் பாருங்கள்.

எல்லாப் பழியையும் கினிபிக் தலையில் போடவும் கூடாது. கடற்கரை ஊர் ஈரத்துக்கு மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் நன்றாகப் பெருகும். இரவில் கொளுத்தும் நுளம்புத்திரியின் புகையும் இழுப்பைக் கிளப்பும். சரி, எது என்று எப்படிப் பிரிப்பது? தோல் பரிசோதனை இருக்கிறது. சந்தேகப்படும் ஒவ்வொன்றின் கரைசலையும் முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்துவார்கள். 15 நிமிடம் அளவில் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதது தடித்து நிற்கும். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் கணக்கில் எடுப்பார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பே அலர்ஜிக் குளிசையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே தடிக்காது. எப்போதிருந்து நிறுத்துவது என்று டொக்டரிடமே கேளுங்கள். மகனுக்கு முயலும் தடித்தது, தூசி உண்ணியும் தடித்தது.

முயல்கள் இப்போதும் எங்களிடம்தான் இருக்கின்றன, ஆனால் வருடம் முழுக்க வெளியே. தகரம் போட்டு, சாரல் அடிக்கும் பக்கத்தைப் படங்கால் மூடியிருக்கிறோம். கூடு கழுவுவது நான், மாஸ்க் போட்டு, தூளில் தண்ணீர் தெளித்த பிறகுதான் அள்ளுவேன். மகன் கங்குன் கீரை கொடுக்கலாம், தடவலாம். முடிந்ததும் கை முகம் கழுவிச் சட்டை மாற்ற வேண்டும். படுக்கையறைக்குள் முயல் வரவே கூடாது. மகனுக்கு இழுப்பைத் தடுக்கும், வாயால் உள்ளிழுக்கும் பம்ப், டொக்டர் சொன்னபடி தினமும்.

நீங்கள் அப்படியே செய்யும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கினிபிக்குக் கம்பித் தளம் ஆகாது, பாதம் புண்ணாகிவிடும். வெயிலும் தாங்காது. திருகோணமலை ஜூன், ஜூலை வெக்கையில் தகரத்துக்குக் கீழே மட்டும் விட்டால் செத்துப்போகும், மர நிழல் கட்டாயம்.

இவ்வளவு செய்தும் இழுப்பு தொடர்ந்தால் கொடுத்துவிடுங்கள், அதில் நான் இரக்கம் பார்க்க மாட்டேன். ஆனால் கொடுத்த மறுநாளே சுகமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூனை போன வீட்டில் அதன் புரதம் குறைய 4 முதல் 6 மாதம்கூட எடுக்கும். கதிரை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் தோய்த்துப் போடுங்கள்.

லவ் பேர்ட்ஸ்? வேண்டாம். அவற்றின் இறகுத் தூளும் எச்சத் தூசும் மிக மெல்லியவை. புறா, கிளி வளர்ப்பவர்களுக்கு நுரையீரலே அழற்சி கண்டு, கூட்டருகே போய் வந்த சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் என்று வரும் ஒரு நோய் உண்டு. வருடக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழும். மகளுக்கு ஏதாவது வளர்த்தே ஆகவேண்டும் என்றால் மீன் தொட்டி வையுங்கள். அதிலும் காய்ந்த சிவப்புப் புழுத் தீனி வாங்காதீர்கள், அந்தத் தூளுக்கும் சிலருக்கு இழுப்பு வரும். உருண்டைத் தீனி போதும்.