கினபாலு மலையடியில் எங்கே தங்குவது?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்தைப் பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். பெரும்பாலோர் கேட்பது, “விடுதி கினபாலு பூங்காவிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?” என்பதுதான். கினபாலுவில் தூரத்தைவிட உயரத்தைக் கேட்க வேண்டும். சில நூறு மீட்டர் மேலே போனாலே குளிர், மேகம், தூக்கம் எல்லாம் வேறு கணக்காகிவிடுகின்றன.

அப்பாவுக்கு 72 வயது. இரண்டு சின்னப் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். பூங்காவுக்குள் தங்குவதா, குண்டாசாங்கிலா? (செந்தூல் வாசகி)

மலையை ஏறாமல் பார்த்து ரசிக்கப் போகிறீர்கள் என்றால் மலையடி ஊரான குண்டாசாங்தான், அம்மா. பூங்காத் தலைமையகம் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் அடர்ந்த காட்டுக்குள் இருக்கிறது. பறவைகளைப் பார்க்க அருமையான இடம். ஆனால் அறைக்கதவைத் திறந்ததும் மலை தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது, மரங்கள் மறைக்கும். சில கிலோமீட்டர் தள்ளி, முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே திறந்த சரிவாகக் கிடக்கும் குண்டாசாங்கிலிருந்து 4,095 மீட்டர் மலையும் முழுதாகக் கண்ணில் படும்.

அதுவும் காலையில்தான். விளம்பரங்களில் வருகிற அந்தப் படங்கள் பெரும்பாலும் விடிந்த கையோடு எடுத்தவை. ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் ஏறிவிடும். பிறகு நாள் முழுக்க விலகாமலும் போகலாம். கடிகாரம் கோலாலம்பூரில் இருக்கும் நமக்கும் சபாவுக்கும் ஒன்றுதான், சூரியன் அப்படியில்லை. அங்கே காலை ஆறு மணிவாக்கிலேயே விடிந்துவிடும், மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும். கோலாலம்பூர்ப் பழக்கத்தில் எட்டு மணிக்கு எழுந்தால் மலையின் பெரும்பகுதியைத் தவறவிட்டுவிடுவீர்கள். ஆகவே இரண்டு இரவுகளாவது தங்குங்கள். ஒரு காலை மேகம் கெடுத்தாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

விமானத்தையும் இதற்கேற்பப் பாருங்கள். கோத்தா கினபாலுவிலிருந்து குண்டாசாங்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து ஏற வேண்டும். மாலை நான்கு மணிக்கு இறங்கினால் இருட்டிலும் மூடுபனியிலும்தான் அந்தப் பாதை. பிற்பகல் விமானமே கிடைத்தால் முதல் இரவை நகரத்திலேயே கழித்துவிடுங்கள்.

அப்பாவுக்காக இன்னொன்று. ஹோம்ஸ்டே உரிமையாளரிடம் காட்சிப் படம் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போகும் பாதையின் படத்தைக் கேளுங்கள். பல ஹோம்ஸ்டேக்களுக்குச் செங்குத்தான சிமெண்ட் பாதைதான். ஐந்து பேரும் பைகளுமாக ஒரு சின்ன மைவி கார் அதில் முனகிக்கொண்டுதான் ஏறும். கார் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் இடையே எத்தனை படிகள், வெந்நீர்க் கருவி ஒழுங்காக இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள். குளிர்சாதனம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கம்பளி எத்தனை தருவார்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

மலை ஏறப் போகிறேன். முதல் நாள் கோத்தா கினபாலுவில் தங்கி, விடிகாலையில் கிளம்பினால் போதாதா? (செராஸ் வாசகர்)

போகலாம், பலரும் போகிறார்கள். ஆனால் கடல்மட்டத்தில் தூங்கி எழுந்து, அன்று பிற்பகலே 3,270 மீட்டர் உயரத்தில், ஏறுகிறவர்கள் இரவு தங்கும் பனலாபானில் நிற்பது உடம்புக்கு நல்லதல்ல. உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் எட்டிப் பார்க்கும். முந்தின இரவைத் தலைமையகத்திலோ அதன் வாசலுக்கு வெளியே உள்ள விடுதியிலோ கழித்தால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். காலையில் பதிவு வேலைகளையும் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

உங்களுக்கு முக்கியமான படுக்கை பனலாபானில் இருப்பதுதான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அந்த வரம்பு மேலே உள்ள படுக்கைகளோடு சேர்ந்தே போகிறது. அதனால் முதலில் படுக்கை, அடுத்து விமான டிக்கெட். மலிவாகக் கிடைத்ததென்று டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறவர்களுக்கு என்னால் ஆறுதல்தான் சொல்ல முடிகிறது. அனுமதிச் சீட்டு, வழிகாட்டி ஆகியவற்றின் செலவும் தனி. வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள்.

மேலே சொகுசை எதிர்பார்க்காதீர்கள். பலரும் பகிரும் அறை, அடுக்குக் கட்டில், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கெல்லாம் ஆரவாரம், காரணம் உச்சிக்குக் கிளம்பும் நேரம் அதுதான். காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். இறங்கிய பிறகு தங்கும் விடுதியில் தரைத்தள அறையாகக் கேளுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது அன்று மாலை உங்கள் முழங்காலுக்குப் புரியும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

சமையலறை உள்ள வீடாக எடுங்கள். நம் பிரிக்பீல்ட்ஸ்போல நான்கு அடிக்கு ஒரு வாழையிலைக் கடை அங்கே கிடையாது. ஆனால் குண்டாசாங் சாலையோரச் சந்தையில் முட்டைக்கோஸ், தக்காளி, சாயூர் மானிஸ் கீரை எல்லாம் அன்று பறித்ததாகக் கிடைக்கும். பருப்பு, சாம்பார்ப் பொடி, தாளிக்கும் சாமான்களை மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பா, வெறும் மின்கெண்டியா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். ‘கிச்சன்’ என்று போட்டுவிட்டு மின்கெண்டியை மட்டும் வைத்திருக்கிற வீடுகளும் உண்டு.

கார் ஓட்டத் தெரியாது. சமாளிக்கலாமா? (கெப்போங் வாசகர்)

பூங்காத் தலைமையகத்தில் தங்கினால் சமாளிக்கலாம். ரானாவ் பக்கம் போகும் வேன்களும் பஸ்களும் நெடுஞ்சாலையில், பூங்கா வாசலருகே இறக்கிவிடும். குண்டாசாங்கில் வீடுகள் சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கிராப் செயலியில் கார் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பிள்ளைகள் குளிர் தாங்க மாட்டார்கள். போரிங் வெந்நீர் ஊற்றில் தங்கலாமா? (ரவாங் வாசகி)

தாராளமாக. தலைமையகத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, மிகத் தாழ்வான இடம் என்பதால் இரவில் நடுக்கம் இருக்காது. திறந்தவெளித் தொட்டிகள் நிரம்ப நேரம் பிடிக்கும், பகல் பயணிகள் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். அங்கேயே தங்குகிறவர்கள் கூட்டம் சேரும் முன்பே போய்க் குழாயைத் திறந்துவிடலாம். சாலையோரத்தில் ரஃப்லேசியா என்ற ராட்சதப் பூ பூத்திருப்பதாகப் பலகை தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். அந்தப் பூ சில நாள்தான் நிற்கும்.

சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. மே மாதக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து போகலாமா? (செத்தாப்பாக் வாசகர்)

மே 30, 31 சபாவில் காமத்தான் அறுவடைத் திருநாள் விடுமுறை. நம் நாட்காட்டியில் அது கண்ணில் படாது. அங்குள்ளவர்களே குண்டாசாங்குக்குக் கிளம்பிவிடுவார்கள், அறைக்கு அடிபிடிதான். ஒரு வாரம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. நமக்கு அடையாள அட்டை போதும், அண்ணன் குடும்பத்தினர் கடப்பிதழைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். எனவே விடுதியில் அறைகளை யார் பெயரில் பதிவது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.