தாத்தாவின் சுவர்க் கடிகாரத்தை அலமாரியாக்கும் முன்

அண்ணாச்சி, குளச்சல் வீட்டில் தாத்தாவின் ஊசல் கடிகாரம் நின்றுபோய், பின்பலகையைக் கரையான் தின்றுவிட்டது, அதைச் சாவியும் மருந்தும் வைக்கும் அலமாரியாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆக்கலாம்.

ஆனால் இயந்திரத்தை நீங்களே பிரிக்காதீர்கள். நின்றுபோன கடிகாரத்திலும் சாவி கொடுத்த சுருள்வில் (ஸ்பிரிங்) இறுகியே இருக்கலாம். தகடுகளைக் கழற்றினால் சடாரென்று விரிந்து விரலைக் கிழித்துவிடும். நாகர்கோவிலில் பழைய கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து வில்லைத் தளர்த்தச் சொல்லுங்கள். அப்படியே ஓடவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். எண்ணெய் காய்ந்து அழுக்கு கட்டியதால் மட்டுமே நின்றுபோனவை நிறைய உண்டு. ஓடும் என்றால் அலமாரி யோசனையை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆசை.

ஓடாது என்றால் இயந்திரத்தைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முகப்புத் தகடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கரையான் தின்ற பலகைக்குப் பதில் அயனி மரப் பலகை போடுங்கள். ஆணி வேண்டாம், உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், பித்தளைத் திருகு போதும். ஊசல் ஆடிய அறைதான் நல்ல இடம். அதில் ஒரு கண்ணாடித் தட்டு, கீழே சாவிக்கு நான்கு கொக்கிகள். மருந்து மட்டும் வேண்டாமே, கடலோர ஈரப்பதம் மாத்திரைக்கு ஆகாது.

அப்புறம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கதவு விளிம்பில் தாத்தாவின் கை பட்டுப் பட்டு மினுங்கும் அந்தப் பளபளப்பு போய்விடும். மெழுகு தடவித் துடைத்தாலே போதும்.