வலைத்தளப் பின்னணிக்கு நானே எடுத்த படத்தைப் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒட்டுத் தெரியாமல் செய்வது எப்படி?

பழைய சுண்ணாம்புச் சுவரைப் போனில் எடுத்துப் பின்னணியாகப் போட்டதாகவும், படம் சேரும் இடமெல்லாம் கோடு விழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படம் திரையைவிடச் சிறியதாக இருந்தால், நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை பிரவுசர் அதையே திரும்பத் திரும்ப அடுக்கும். அதன் வலது ஓரமும் இடது ஓரமும் ஒட்டி உட்காரும்போது பொருந்தாததுதான் அந்தக் கோடு.

படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் இலவசம், அதுவே போதும். படத்தை 512க்கு 512 பிக்சலாக வெட்டிக்கொண்டு, லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதற்குள் ஆஃப்செட் போங்கள். பாதி அகலம், பாதி உயரம் நகர்த்துங்கள். வெளியே போவது மறுபக்கம் உள்ளே வரும்படி ‘ராப் அரவுண்ட்’ தேர்வாகி இருக்கட்டும். இப்போது நான்கு ஓரங்களும் நடுவுக்கு வந்து, ஒட்டு ஒரு பெரிய கூட்டல் குறியாகத் தெரியும். கறை மறைக்கும் கருவியான ஹீல் டூலால் அதை மட்டும் அழியுங்கள். வெளி ஓரத்தில் இப்போது இருப்பவை, சற்று முன்புவரை படத்தின் நடுவில் அடுத்தடுத்து இருந்த பிக்சல்கள். அவை தானாகப் பொருந்தும், கை வைக்காதீர்கள். கூட்டல் குறியின் நான்கு முனைகளில்தான் சிக்கல், அவை ஓரத்தைத் தொடுகின்றன. இன்னொரு முறை நூறு பிக்சல் போல நகர்த்தினால் அவையும் உள்ளே வந்துவிடும், துடைத்துவிடலாம். போட்டோஷாப்பில் இதே ஆஃப்செட், ஃபில்டர் மெனுவில் ‘அதர்’ என்பதற்குள் இருக்கிறது.

பெரும்பாலான பயிற்சி வீடியோக்கள் இதோடு முடிந்துவிடும். ஆனால் ஒட்டு போன பிறகும் கட்டம் தெரியும்! சுவரின் ஒரு பக்கம் வெயில் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தால், அந்த வெளுப்பு ஒவ்வொரு அடுக்கிலும் பட்டை பட்டையாகத் திரும்ப வரும். மேகமூட்டத்திலோ நிழலிலோ மறுபடி எடுப்பதே நல்லது. முடியாதென்றால் ஹை பாஸ் ஃபில்டர் வெளிச்ச வேறுபாட்டைச் சமன் செய்யும், நிறம் கொஞ்சம் சாம்பலாகும். அப்புறம், சுவரில் ஒரே ஒரு காரை பெயர்ந்த புள்ளி இருந்தாலும் போச்சு, பக்கம் முழுக்க வரிசை கட்டி நிற்கும். பிரவுசரை 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். எது கண்ணை இழுக்கிறதோ அதை எடுத்துவிடுங்கள்.

எடுக்க மனமில்லையா? அந்தக் கறைகளை மட்டும், பின்புலம் ஊடுருவித் தெரியும் இரண்டு பிஎன்ஜி படங்களாக, 232 பிக்சல் அகலத்தில் ஒன்று, 296இல் ஒன்று என்று பிரித்து, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடலாம். இரண்டும் சேர்ந்து அதே அமைப்பு திரும்ப வர 8,584 பிக்சல் ஆகும். அவ்வளவு அகலமான திரை யார் வீட்டிலும் இருக்காது.

கோலம், பூ, கட்டம் என்று வரைந்த வடிவம்தான் வேண்டுமென்றால் இந்தப் பாடே வேண்டாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் டபிள்யூ விசையைத் தட்டினால், வலது ஓரத்தில் இழுக்கும் கோடு அப்போதே இடது ஓரத்தில் வந்துவிடும்.

சேமிக்கும்போது ஜேபெக் தரத்தை ரொம்பக் குறைக்காதீர்கள். அது படத்தை 8க்கு 8 பிக்சல் துண்டுகளாகச் சுருக்குவதால், கஷ்டப்பட்டு நீக்கிய ஒட்டு ஓரத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும்.

எழுத்து விஷயத்தில் மட்டும் நான் கறார். 1995இல் நெட்ஸ்கேப் 1.1 என்ற அந்தக்காலப் பிரவுசர் பின்னணிப் படத்துக்கு வழி செய்ததும், நட்சத்திர வானத்தின்மேல் மஞ்சள் எழுத்தில் எழுதாதவர் குறைவு. படித்தவர் பாவம். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வெளிச்ச வேறுபாடாவது வேண்டும் என்கிறது வலை அணுகல் வழிகாட்டி. சுவரின் மிக இருண்ட இடத்தையும் மிக வெளுத்த இடத்தையும் வைத்து அதைச் சோதியுங்கள். தேறவில்லை என்றால் கட்டுரைக்குப் பின்னால் ஒற்றை நிறப் பெட்டி போட்டுவிட்டு, சுவரை இரண்டு பக்கமும் மட்டும் விடுங்கள். பின்னணி நிறமாகவும் சுவரின் சராசரி நிறத்தையே கொடுத்துவைத்தால், நெட் மந்தமாகிப் படம் வரத் தாமதமானாலும் பக்கம் வெள்ளையாக மின்னாது.