தைப்பதற்கு முன் சுவரில்: அரூபக் குயில்ட் வடிவமைப்பு, கேள்வி-பதில்

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் அடுக்குப் போர்வையான குயில்ட்டுக்கு எட்டு வண்ணத் துணிகள் எடுத்தேன். தனித்தனியே அழகு; சேர்த்து வைத்தால் எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

வண்ணங்கள் வேறுவேறு, ஆனால் அடர்த்தி, அதாவது நிறம் எவ்வளவு வெளிர் அல்லது அடர் என்பது, ஒன்றாக இருந்திருக்கும். கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் காரணம் அதுதான். துணிகளை வெளிர், நடுத்தரம், அடர் என மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒன்றைப் பாதிக்கு மேலும், இன்னொன்றைக் கால் பங்கும், மற்றதைக் கொஞ்சமாகவும் பயன்படுத்துங்கள். எதை அதிகமாக்குவது என்பது உங்கள் ரசனை. மூன்றும் சமமானால் படம் மந்தமாகிவிடும். நெருக்கமான பூப்போட்ட துணி தூரத்தில் ஒற்றை நிறமாகவே தெரியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தைக்குமுன் துண்டுகளைச் சுவரில் அடுக்கிப் பார்த்தபோது சரியாக இருந்த அமைப்பு, தைத்ததும் மாறிவிடுகிறதே?

தையலுக்கு விடும் துணிதான் காரணம். ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் உள்ளே போவதால், ஒரு துண்டின் அகலத்தில் அரை அங்குலம் மறைகிறது. 2 அங்குலப் பட்டைகள் 12 வைத்தால் சுவரில் 24 அங்குலம். தைத்தபின் 11 தையல்களுக்கு ஐந்தரை அங்குலம் போய் 18½ தான் மிஞ்சும். அளவு குறைவதைவிட விகிதம் மாறுவதுதான் பெரிய தொல்லை. 6 அங்குலத் துண்டு ஐந்தரை ஆகும். 1 அங்குலப் பட்டையோ பாதியாகிவிடும். நீங்கள் ஆசையாக வைத்த மெல்லிய கோடு அப்படித்தான் காணாமல் போகிறது.

ஆகவே சுவரில் துண்டுகளை அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். சுவரில் ஃபிளானல் துணியை இழுத்து மாட்டினால் சிறிய துண்டுகள் ஊசியில்லாமலே ஒட்டிக்கொள்ளும், மாற்றி வைப்பதும் சுலபம். ஊசி குத்திவிட்டால் பலருக்கு நகர்த்த மனம் வராது! தைக்குமுன் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடும் நேர்க்கோடுகளைத் தேடுங்கள்; அவற்றை வைத்துப் பகுதிகளாகப் பிரித்துத் தைத்துப் பின் இணைக்கலாம். அப்படிக் கோடே கிடைக்காத இடத்தில் ஒரு பட்டை சேருங்கள், அல்லது துண்டை நீட்டுங்கள்.

கண் எப்போதும் நடுவிலேயே போய் நிற்கிறது.

அட்டையில் இரண்டு 'ட' வடிவம் வெட்டி, எதிரெதிராக வைத்துச் சட்டமாக்கி, அமைப்பின்மேல் நகர்த்துங்கள். ஓரத்தில் ஒதுங்கிய மூலை ஒன்றுதான் பல நேரம் நல்ல படமாக இருக்கும். படத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள்.

வளைவுத் துண்டுகள் அலை அலையாக வருகின்றன.

வளைவின் ஓரம் கிராஸில், அதாவது துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாக, வருவதால் இழுபடும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி அழுத்துங்கள்.

மேல்தையல் (குயில்ட்டின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் தையல்) போட்டதும் படத்தின் சமநிலை கெடுகிறது.

நெருக்கித் தைத்த இடம் சுருங்கித் தட்டையாகும், தைக்காத இடம் உப்பி முன்னே வரும். முக்கியமான வடிவத்தைச் சற்றுத் தளர்வாகவும் பின்னணியை நெருக்கமாகவும் தைத்தால் இது உங்களுக்குச் சாதகம். வேறுபாடு மிக அதிகமானால் ஓரம் நெளியும். தையல் முடிந்த பிறகே ஓரத்தை நேராக வெட்டுங்கள். அதற்காக நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு வையுங்கள்.